அந்தக் கட்டடம் எந்தக் கேள்விக்குப் பதில்?

வாசகர் கேள்வி–பதில்

நவீனக் கட்டடங்களைப் பற்றியும் அவற்றை வடிவமைத்தவர்களைப் பற்றியும் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். கட்டடக்கலை மாணவர்கள் மட்டும்தான் எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன். வந்த கடிதங்களில் பாதி, வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும் கட்டப்போகிறவர்களும் எழுதியவை. ரொம்ப சந்தோஷம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், இடம் இருக்கும் வரை பதில் சொல்கிறேன்.

*கேள்வி: ஒவ்வொரு செமஸ்டரிலும் எங்களுக்கு 'கேஸ் ஸ்டடி' உண்டு. புகழ்பெற்ற ஒரு கட்டடத்தை எடுத்து பிளான் (மேலிருந்து பார்க்கும் தள வரைபடம்), எலிவேஷன் (வெளிமுகத்தைக் காட்டும் வரைபடம்), போட்டோக்கள், ஆர்க்கிடெக்டின் வாழ்க்கைக் குறிப்பு எல்லாம் சேர்த்து ஷீட் தயாரிக்கிறோம். மதிப்பெண் வந்துவிடுகிறது. ஆனால் அடுத்த வாரம் என் சொந்த டிசைனுக்கு உட்கார்ந்தால் அந்தக் கட்டடத்தில் இருந்து எதுவுமே கைக்கு வருவதில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?*
*– இரண்டாம் ஆண்டு கட்டடக்கலை மாணவி, திருச்சி*

ஷீட்டில் நீங்கள் ஒட்டுவது முழுக்க விடைகள். வினாத்தாளைப் பார்க்காமல் விடைத்தாளை மட்டும் மனப்பாடம் செய்தால் அடுத்த பரீட்சைக்கு அது எப்படி உதவும்? நல்ல கட்டடம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சிக்கலுக்குச் சொன்ன பதில். அந்தச் சிக்கல் என்னவென்று தெரியாத வரைக்கும் உங்கள் கையில் இருப்பது படம் மட்டும்தான்.

மும்பை கம்பாலா ஹில்லில் இருக்கும் கஞ்சன்ஜங்கா குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சார்லஸ் கொரியா வடிவமைத்தது, 1983-ல் முடிந்தது. 28 மாடி, 84 மீட்டர் உயரம், ஆனால் மொத்தமே 32 வீடுகள். படத்தைப் பார்த்ததும் கண்ணில் படுவது, மூலைகளைக் கடித்து எடுத்தது போல இருக்கும் இரண்டு மாடி உயரத் தோட்ட மாடங்கள். மாணவர்கள் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய் எந்த ஊருக்கு எந்தக் கட்டடம் வரைந்தாலும் மூலையில் ஒரு திறப்பு வைத்துவிடுகிறார்கள். கொரியாவுக்கு அந்த மூலை எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். மும்பையில் கடல்காற்று மேற்கில் இருந்து வருகிறது, அரபிக் கடலும் அந்தப் பக்கம்தான், கிழக்கே துறைமுகம், அதனால் காற்றுக்காகவும் காட்சிக்காகவும் வீடு கிழக்கு மேற்காகத் திறந்திருக்க வேண்டும். ஆனால் சுட்டெரிக்கும் மாலை வெயிலும் சாரலடிக்கும் தென்மேற்குப் பருவமழையும் வருவது அதே மேற்கில் இருந்து. எதை வரவேற்க வேண்டுமோ அதுவும், எதைத் தடுக்க வேண்டுமோ அதுவும் ஒரே வாசல் வழியாக வருகின்றன. இதுதான் அவருக்கு முன்னால் இருந்த கேள்வி.

அந்தக் கேள்விக்கு மும்பையின் பழைய பங்களாக்கள் ஏற்கெனவே ஒரு பதில் வைத்திருந்தன. உட்காரும் அறைகளைச் சுற்றிலும் வராண்டா. வெயிலும் மழையும் வராண்டாவோடு நின்றுவிடும், காற்று மட்டும் உள்ளே வரும். கொரியா செய்தது என்னவென்றால், அந்த வராண்டாவை 28 மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனதுதான். நாலு பக்கமும் சுற்றி வைக்க அங்கே இடம் கிடையாது, ஆகவே மூலையில் வைத்தார், இரண்டு மாடி உயரம் கொடுத்துத் தோட்டமாக்கினார், வெவ்வேறு அளவு வீடுகளை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து அந்த உயரத்துக்கு இடம் பிடித்தார். இப்போது அதே மூலையைத் திரும்பப் பாருங்கள். முதலில் அழகாகத் தெரிந்த அந்த மூலை இப்போது காரணத்தோடு தெரியும்.

இன்னொன்றும் செய்யுங்கள். அதே ஆள் அதே கேள்வியை முன்னால் எங்கே கேட்டார் என்று தேடுங்கள். கொரியா 1960-களில் மும்பையிலேயே சோன்மார்க் என்ற குடியிருப்பைக் கட்டினார், அதிலும் வசிக்கும் அறைகளுக்கும் வெளி வெயிலுக்கும் நடுவே ஒரு இடைவெளிப் பகுதி உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு எண்ணம் இருபது வருடத்தில் எப்படி வளர்ந்தது என்பது தெரியும். ஒரு கட்டடத்தைத் தனியாகப் படிப்பதைவிட இது பத்து மடங்கு சொல்லிக்கொடுக்கும் என்பது என் அனுபவம்.

அப்புறம் உங்கள் ஊருக்கு வாருங்கள். திருச்சியில் ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று எந்தத் திசையில் இருந்து வருகிறது? மேற்கில் இருந்து. மாலை வெயில்? அதுவும் மேற்கில் இருந்துதான். மும்பையில் கொரியாவுக்கு இருந்த சிக்கல் உங்கள் சைட்டிலும் இருக்கிறது, ஆனால் உங்கள் காற்றில் கடலின் ஈரம் இல்லை, தூசியும் சூடும் உண்டு, மழை வேறு மாதத்தில் வேறு திசையில் இருந்து வருகிறது. ஆக, கேள்வியில் பாதி ஒன்று, பாதி வேறு. உங்கள் டிசைன் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அடுத்த ஷீட்டில் முதல் வரியாக, "இந்த இடத்தில், இந்த வெயிலில், இந்த மனிதர்களுக்கு, இவ்வளவு பணத்தில் என்ன சிக்கல் இருந்தது" என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத முயன்று பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தக் கட்டடத்தை இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

*கேள்வி: பிளான், செக்‌ஷன், எலிவேஷன் மூன்றில் எதை முதலில் பார்க்க வேண்டும்?*
*– டிப்ளமோ மாணவர், ஈரோடு*

செக்‌ஷன். கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்க்கும் அந்தப் படத்தில்தான் வெளிச்சம் எப்படி உள்ளே வருகிறது, சூடான காற்று எப்படி வெளியேறுகிறது, மழைத்தண்ணீர் எங்கே போகிறது எல்லாம் தெரியும்.

அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் நகரில் லூயி கான் வடிவமைத்த கிம்பெல் கலை அருங்காட்சியகம் 1972-ல் திறக்கப்பட்டது. பிளானைப் பார்த்தால் 16 நீளமான செவ்வகங்கள், ஒன்றும் புரியாது. செக்‌ஷனைப் பாருங்கள். ஒவ்வொன்றும் 100 அடி நீளமுள்ள வளைந்த கான்கிரீட் கூரை, அதன் உச்சியில் நீளவாக்கில் ஒரு கீறல், கீறலுக்குக் கீழே சிறகு போல விரிந்த, பொடித் துளைகள் போட்ட அலுமினியத் தகடு. டெக்சாஸ் வெயில் நேராக ஓவியத்தின் மேல் விழுந்தால் ஓவியம் கெட்டுவிடும். இங்கே வெயில் கீறல் வழியாக வந்து தகட்டில் பட்டு, திரும்பி வளைவின் உள்பக்கத்தில் படிந்து, அங்கிருந்து மெத்தென்று கீழே இறங்குகிறது. சாம்பல் நிறக் கான்கிரீட் வெள்ளி போலத் தெரியும். இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. வளைவின் உச்சியைக் கீறிவிட்டால் அது சாதாரண வளைவாக நின்று எடை தாங்க முடியாது. அதனால் இந்தக் கூரை நாலு மூலைத் தூண்களில் மட்டும் உட்கார்ந்து ஒரு நீள உத்தரம் போல வேலை செய்கிறது. அதைக் கணக்குப் போட்டுக்கொடுத்த பொறியாளர் ஆகஸ்ட் கோமென்டன்ட். வெளிச்சம் கேட்ட ஒரு கீறல் கட்டமைப்பையே மாற்றியது. இது எலிவேஷனில் தெரியவே தெரியாது.

*கேள்வி: 1,200 சதுர அடி மனையில் வீடு கட்டப்போகிறோம். பிரான்சில் உள்ள ஒரு வெள்ளை வீட்டின் படத்தைப் பார்த்ததில் இருந்து மனம் அதிலேயே நிற்கிறது. மெல்லிய தூண்கள் மேல் நிற்கிறது, சுவர் முழுக்க ஒரே நீள ஜன்னல், தட்டையான மாடி, சன்ஷேடே கிடையாது. எங்கள் இன்ஜினியர் "பண்ணிடலாம் சார்" என்கிறார். செய்யலாமா?*
*– அரசு ஊழியர், திருநெல்வேலி*

நீங்கள் பார்த்தது பாரிசுக்குப் பக்கத்தில் புவாசியில் உள்ள வில்லா சவோய். லெ கொர்புசியேவும் அவருடைய உறவினர் பியேர் ஜான்னரேயும் வடிவமைத்து 1931-ல் முடித்த வீடு. உலகத்தில் கட்டடக்கலை படிக்கிற எல்லோரும் கடந்து வருகிற கட்டடம் அது, உங்கள் மனம் அதில் நின்றதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் அந்த வீட்டின் முழுக் கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். குடிவந்த நாளில் இருந்தே மழைக்கு ஒழுகியது. வீட்டுக்காரி அதைப் பற்றிப் புகார்க் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். 1940-ல் போர் வந்தபோது குடும்பம் வெளியேறியது, பிறகு ராணுவங்கள் தங்கின, போருக்குப் பின் இடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் கட்டும் யோசனைகூட இருந்தது. கட்டடக்கலைஞர்கள் குரல் கொடுத்துக் காப்பாற்றினார்கள், இன்று அது உலகப் பாரம்பரியச் சின்னம். இவ்வளவு பெரிய வீட்டைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு கட்டடத்தைப் படிப்பது என்றால் அது எங்கே தோற்றது என்பதையும் சேர்த்துப் படிப்பதுதான், அந்தத் தோல்வி உங்கள் வீட்டுக்கு வரக் கூடாது என்பதற்காக.

பாரிசில் வெயில் ஒரு விருந்தாளி. திருநெல்வேலியில் சித்திரை வெயில் அப்படி இல்லை, உங்களுக்கே தெரியும். அங்கே சுவர் முழுக்க ஜன்னல் வைத்தது எங்கிருந்தாவது கொஞ்சம் சூரியன் வரட்டும் என்று. சன்ஷேடு இல்லாமல் அதே ஜன்னலை இங்கே மேற்கில் வைத்தால் சாயங்காலம் அந்த அறையில் குழந்தையைத் தூங்கவைக்க முடியாது. லெ கொர்புசியேவே இந்தியாவுக்கு வந்த பிறகு அப்படிக் கட்டவில்லை. அகமதாபாத்தில் 1954-ல் முடிந்த ஆலை அதிபர்கள் சங்கக் கட்டடத்தைப் பாருங்கள். தெருவைப் பார்த்த மேற்கு முகத்தில் ஆழமான கான்கிரீட் தடுப்புகளைச் சாய்த்து வைத்து வெயிலை மறித்தார், சாபர்மதி ஆற்றைப் பார்த்த கிழக்குப் பக்கத்தில் தடுப்புகளை நேராக வைத்துக் காற்றையும் ஆற்றையும் உள்ளே விட்டார். ஊர் மாறியதும் பதிலை மாற்றிக்கொண்டார். நீங்கள் வில்லா சவோயைப் பார்த்து வீடு கட்டுவதைவிட, வில்லா சவோயைக் கட்டியவர் நம் நாட்டு வெயிலில் என்ன செய்தார் என்று பார்த்துக் கட்டுவது நல்லது. (அந்தத் தடுப்புகளிலும் ஒரு குறை உண்டு. கனமான கான்கிரீட் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி வெளியே விடும்.)

அந்த வீட்டில் இருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளக்கூடிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, வீட்டைத் தூக்கி வைத்துத் தரையைக் காருக்குக் கொடுத்தது. கீழ்த்தளத்தின் வளைவே கார் திரும்பும் அளவை வைத்துத்தான் போடப்பட்டது. 1,200 சதுர அடி மனையில் இது உங்களுக்கு நேரடியாக உதவும். இன்னொன்று, மாடியை ஓர் அறையைப் போல நினைத்தது. மூன்றுபக்கம் சுவர், மேலே வானம், அதில் உட்கார ஓர் இடம். நம் ஊரில் மொட்டை மாடிக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் உயிர் வரும், அதற்குத் தகுந்த மாதிரி யோசியுங்கள். மாடித் தளத்துக்குத் தண்ணீர் வழிய எவ்வளவு வாட்டம் கொடுக்கப்போகிறீர்கள், தட்டோடு பதிப்பீர்களா, மேற்கு ஜன்னலுக்கு மேல் என்ன வரும் என்ற மூன்றையும் இன்ஜினியரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "பண்ணிடலாம்" என்பது இந்த மூன்றுக்கும் பதில் ஆகாது.

*கேள்வி: கட்டடக்கலைஞர் லாரி பேக்கரின் எலிப்பொறிச் சுவரைப் பற்றிப் படித்தேன். செலவு குறையும் என்கிறார்கள். எங்கள் கொத்தனார்கள் கேள்விப்பட்டதே இல்லை. நடைமுறையில் சாத்தியமா, இல்லை புத்தகத்தோடு சரியா?*
*– சிவில் இன்ஜினியர், கோயம்புத்தூர்*

சாத்தியம்தான், திருவனந்தபுரத்தில் போய்த் தொட்டே பார்க்கலாம். உங்களுக்கு ஒரு ராத்திரி ரயில் தூரம். அங்கே உள்ளூர் என்ற பெயருள்ள பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் 1970-களில் பேக்கர் கட்டியது, தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சுருள் சுருளாக ஏறும் செங்கல் காபி ஹவுசும் அவருடையதுதான்.

வழக்கமான 9 அங்குலச் சுவரில் செங்கலைப் படுக்க வைப்போம். எலிப்பொறிக் கட்டில் செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி இரண்டு வரிசையாக அடுக்கி, குறுக்கே ஒரு செங்கல் கொடுத்துக் கட்டுவார்கள், நடுவே காலியிடம் வரும். சுவரின் தடிப்பு மாறாது, செங்கல் கிட்டத்தட்ட கால்வாசி குறையும், கலவையும் குறையும், நடுவில் நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். மூலைகள், நிலை ஜன்னல் ஓரங்கள், ஜன்னல் அடி, லிண்டலுக்கு (நிலை, ஜன்னலுக்கு மேல் வரும் உத்தரம்) கீழ் வரும் வரிசை, இந்த இடங்களில் மட்டும் காலியிடம் விடாமல் கட்ட வேண்டும்.

நம் பக்கத்தில் இது சறுக்குவது மூன்று இடங்களில் என்று சொல்வேன். ஒன்று, செங்கல் ஒரே அளவில் இல்லாவிட்டால் நிறுத்தி வைக்கும்போது வரிசை நேராக வராது, பூச்சு பூசி மறைக்க வேண்டிவரும், மிச்சம் பிடித்த காசு பூச்சில் போய்விடும். அதனால் நல்ல சேம்பர் செங்கல் வேண்டும். இரண்டு, கட்டி முடித்த பிறகு எலெக்ட்ரீஷியன் வந்து சுவரைக் கொத்தினால் நேராகக் காலியிடத்துக்குள் போய்விடுவார். பைப் எங்கே போகிறது என்பதை முதல் வரிசை வைப்பதற்கு முன்னாலேயே முடிவு செய்யுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். கொத்தனாரை மாற்றாதீர்கள், அவருக்குக் கற்றுக்கொள்ள நேரம் கொடுங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு மாதிரிச் சுவர் கட்டச் சொல்லி, கூலி கொடுத்து, பிரித்துத் திரும்பக் கட்டச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் வேலை மெதுவாகத்தான் போகும்.

பேக்கரிடம் படிக்க வேண்டியதும் இதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர் வரைபடத்தை முடித்து அனுப்பிவிட்டு வேறு வேலை பார்த்தவர் இல்லை. சைட்டில் கொத்தனார்களோடு நின்று, கையில் கிடைத்த தாளில் வரைந்து காட்டி, அங்கேயே முடிவெடுத்தவர். ஜன்னலுக்கு மரம், கண்ணாடி, கம்பி என்று எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் பார்த்துவிட்டு, காற்றும் வெளிச்சமும் மட்டும் போதும் என்கிற இடத்தில் செங்கலிலேயே துளைகள் விட்டுச் சல்லடைச் சுவர் கட்டினார். அந்தக் கணக்கைப் போடாமல் சல்லடைச் சுவரை மட்டும் அலங்காரமாக முகப்பில் வைக்கிறவர்களைப் பார்க்கிறபோது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த முகப்புக்குப் பின்னால் மூடிய கண்ணாடி ஜன்னலும் ஏசியும் இருக்கும்.

*கேள்வி: ஐடி வேலை. கட்டடங்கள் பார்ப்பது பிடிக்கும், படிப்பு வேறு. சென்னையில் இருந்து இரண்டு நாள் விடுமுறையில் போய்ப் பார்க்க ஒரே ஒரு நவீனக் கட்டடம் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?*
*– வாசகர், வேளச்சேரி*

யோசிக்காமல் சொல்வேன், புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி. கோல்கொண்டா என்ற பெயரின் பிரெஞ்சு உச்சரிப்பு அது, ஹைதராபாத் நிஜாமின் அரசிடம் இருந்து கிடைத்த நன்கொடையில் எழும்பியதால் வந்த பெயர்.

1930-களின் பின்பாதியில் தொடங்கி 1940-களில் முடிந்தது. நாட்டில் பெரும்பாலான இடங்களில் கான்கிரீட் என்றால் பாலமும் கிடங்கும்தான் என்றிருந்த காலத்தில், பூச்சுக்குப் பின்னால் ஒளித்துவைக்காத கான்கிரீட்டில் எழுந்த கட்டடம். வடிவமைத்தவர் டோக்கியோவில் அலுவலகம் வைத்திருந்த அன்டோனின் ரேமண்ட், செக் நாட்டில் பிறந்தவர். தளத்தில் தங்கி வேலை பார்த்தவர்கள் இருவர். ஒருவர் பிரான்டிசெக் சாமர், லெ கொர்புசியேவிடம் வேலை செய்திருந்தவர். இன்னொருவர் ஜார்ஜ் நகஷிமா, பின்னாளில் அமெரிக்காவில் மர வேலைக்காக உலகப்புகழ் பெற்றவர். ஆசிரமத்துக்காரர்களே கட்டுமானத்தில் வேலை செய்தார்கள். கதவு ஜன்னல் கைப்பிடி போன்ற பித்தளைச் சாமான்களை, காணிக்கையாக வந்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தார்கள்.

இப்போது அந்தக் கட்டடத்தின் கேள்விக்கு வருவோம். புதுச்சேரியின் புழுக்கத்தில், எந்த இயந்திரத்தின் உதவியும் இல்லாமல், ஒரு மனிதர் அமைதியாக ஓர் அறையில் உட்கார வேண்டும், தூங்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு என்னென்ன செய்தார்கள் என்று பாருங்கள். கட்டடத்தை நீளவாக்கில் கிழக்கு மேற்காகப் படுக்க வைத்து அகலமான முகங்களை வடக்குக்கும் தெற்குக்கும் கொடுத்தார்கள், காலை மாலை வெயில் குறுகிய பக்கங்களில்தான் அடிக்கும். அந்த இரண்டு பெரிய முகங்களிலும் சுவரே கிடையாது, தரையில் இருந்து கூரை வரை படுக்கைவாக்கில் சிமென்ட் பலகைகள், ஜன்னல் சட்டம் போலத் திருப்பலாம். மழை வந்தால் சாய்த்துக்கொள்ளலாம், காற்று வந்தால் விரித்துவிடலாம். ஒரு பக்கம் நடைவழி, மறுபக்கம் அறைகள், நடுவே பின்னிய தேக்குச் சட்டக் கதவுகள் நகரும், கதவை மூடினாலும் காற்று போகும். இரண்டு பக்கமும் தோட்டம், இரண்டும் வெவ்வேறு அளவு நிழல், அதனால் ஒரு பக்கக் குளிர்ச்சியில் இருந்து மறுபக்கத்துக்குக் காற்று நகர்கிறது. கூரைத் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை அடுக்கி நடுவில் காற்றுக்கு இடம் விட்டார்கள், அந்த ஓடு வெயிலை வாங்கிக்கொள்ளும், கீழே தளம் சுடாது. உள்சுவர்களில் செட்டிநாட்டு வழக்கத்தில் பளபளப்பாகத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு. எல்லாவற்றையும் கட்டுவதற்கு முன் முழு அளவில் ஒரு மாதிரி செய்து சோதித்தும் பார்த்தார்கள்.

உள்ளே ஆசிரம விருந்தினர்கள் தங்கியிருக்கிறார்கள், அனுமதி இல்லாமல் நுழைய முடியாது, அது சரியும்கூட. தெருவில் நின்றே நிறையப் பார்க்கலாம். காலை பதினொரு மணிக்கு ஒரு தடவை, மாலை நாலு மணிக்கு ஒரு தடவை போங்கள், இரண்டு தடவையும் கேமராவைப் பையில் வைத்துவிட்டு ஒரு நோட்டில் அந்தப் பலகைகளை மட்டும் வரையுங்கள். படம் நன்றாக வர வேண்டியதில்லை. வரையும்போது கண் ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் நிற்கும், அந்த ஐந்து நிமிடத்தில் எந்தப் பலகை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, நிழல் எத்தனை அங்குலம் நகர்ந்தது எல்லாம் தெரியவரும். நான் முதல் தடவை போனபோது பட்டப்பகலில் எதிர்ச்சாரியில் முக்கால் மணி நேரம் நின்றேன். உள்ளே யாரோ ஒருவர் ஒரு வரிசைப் பலகையைத் திருப்பினார். கட்டடம் கண் திறந்தது போல இருந்தது. அதன் பிறகு நான் வரைந்த எந்த ஜன்னலும் பழைய மாதிரி இல்லை.

அப்புறம் சென்னை திரும்பும் வழியில் கண்ணாடி முகம் போட்ட புதிய அடுக்குமாடிகள் வரும். மேற்குப் பக்கம் முழுக்கத் திரையை இழுத்து மூடி வைத்திருப்பார்கள். பாருங்கள்.

*கேள்வி: எங்கள் பாடத்திட்டத்தில் வருகிற மேதைகள் எல்லோரும் ஆண்களாகவே இருக்கிறார்களே?*
*– மூன்றாம் ஆண்டு மாணவி, சென்னை*

உங்கள் கோபம் நியாயமானது. மூன்று பெயர்கள் சொல்கிறேன், நூலகத்தில் இன்றே தேடத் தொடங்குங்கள்.

மினெட் டி சில்வா, கண்டியில் 1918-ல் பிறந்தவர், பம்பாயிலும் லண்டனிலும் படித்து, 1948-ல் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்களின் அரச நிறுவனத்தில் உறுப்பினரான முதல் ஆசியப் பெண். கண்டிய நெசவையும் அரக்கு வேலையையும் களிமண் ஓட்டையும் நவீன வீட்டுக்குள் கொண்டுவந்தார், அதுவும் இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா தொழிலுக்கு வருவதற்குப் பல வருடம் முன்னால். கண்டி வத்தபுலுவவில் அரசு ஊழியர்களுக்கான குடியிருப்பை வடிவமைக்கும் முன், குடிவரப்போகிறவர்களிடமே கேள்வித்தாள் கொடுத்து எப்படிச் சமைப்பீர்கள், எப்படி வாழ்வீர்கள் என்று கேட்டார். 1950-களில்.

லினா போ பார்டி, இத்தாலியில் பிறந்து பிரேசிலில் வாழ்ந்தவர். சாவோ பாவ்லோவில் பழைய பீப்பாய்த் தொழிற்சாலை ஒன்றை இடித்துவிட்டுப் பொழுதுபோக்கு மையம் கட்ட வேண்டும் என்று அவரை அழைத்தார்கள். அவர் வார இறுதியில் அங்கே போய்ப் பார்த்தபோது குழந்தைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள், குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. மையம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, கட்டடத்தை ஏன் இடிக்க வேண்டும்? தொழிற்சாலையை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் விளையாட்டுக்குக் கான்கிரீட் கோபுரங்கள் எழுப்பினார், ஜன்னல்கள் குகை வாய் போல ஒழுங்கில்லாத வடிவத்தில் இருக்கும். எஸ்இஎஸ்சி பொம்பேயா என்று தேடுங்கள்.

மூன்றாவது, சண்டிகரில் வேலை செய்த ஊர்மிளா யூலி சௌத்ரி. லெ கொர்புசியேவின் சண்டிகர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், அந்த நகரத்தில் பள்ளிகளையும் வீடுகளையும் நாற்காலிகளையும் வடிவமைத்த பல கைகளில் இவருடையதும் ஒன்று.

*கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்காக ஊரில் வீடு கட்டுகிறோம். அவருக்கு ஜெஃப்ரி பாவாவின் முற்றத்து வீடுகள் என்றால் உயிர், படங்களாக அனுப்பிக்கொண்டே இருக்கிறார். மேசனார் அப்படியே கட்டித்தருகிறேன் என்கிறார். அப்படிக் கட்டினால் அது கொப்பி அடித்தது ஆகாதா? கற்றுக்கொள்வதற்கும் கொப்பிக்கும் எங்கே கோடு?*
*– ஆசிரியை, யாழ்ப்பாணம்*

ரீச்சர், இந்தக் கேள்விக்கு முதலில் வேறொருவரைக் காட்டுகிறேன், அப்புறம் பாவாவுக்கு வருகிறேன். பாலகிருஷ்ண தோஷி இளைஞராகப் பாரிசுக்குப் போய் லெ கொர்புசியேவிடம் நாலு வருடம் வேலை பார்த்தார், திரும்பி வந்து அவருடைய அகமதாபாத் கட்டடங்களைக் கவனித்துக்கொண்டார், அதில் ஒன்று வளைந்த கூரை போட்ட சாராபாய் வீடு. 1980-ல் தோஷி தனக்கென்று சங்கத் என்ற அலுவலகம் கட்டியபோது அவரும் வளைந்த கூரைதான் போட்டார். ஆனால் சாராபாய் வீட்டின் கூரையில் மண்ணும் புல்லும் இருந்தன. தோஷி அதன் மேல் உடைந்த வெள்ளைப் பீங்கான் துண்டுகளைப் பதித்தார், வெயில் திரும்பிப் போகட்டும் என்று, அலுவலகத்தைப் பாதி பூமிக்குள்ளும் இறக்கினார். குருவின் வடிவம் தெரிகிறது, ஆனால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் தோஷியிடம் சொந்தக் காரணம் இருக்கிறது. என் கோடு அங்கேதான் இருக்கிறது. ஒரு அம்சத்தை எடுத்து "இது ஏன் இங்கே?" என்று கேட்டால் உங்கள் வீட்டில் இருந்தே பதில் வர வேண்டும். "பாவா வைத்தார்" என்பதுதான் பதில் என்றால் அது கொப்பி.

பாவாவும் அப்படித்தான் செய்தார். கொழும்பில் 1960-களின் தொடக்கத்தில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு அவருடைய முற்றத்து வீடுகளுக்கெல்லாம் தாய். நெருக்கமான நகரத்தில், பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் தூரத்தில், கதவு ஜன்னலைத் திறந்து வைத்து வாழ வேண்டும். எப்படி? வீட்டை வெளியே பார்க்கவிடாமல் உள்ளே பார்க்கவைத்தார். நடுவில் பெரிய முற்றம், சுற்றித் தாழ்வாரம், மேலே ஓட்டுக்கூரை. இந்த யோசனை அவருக்கு இலங்கையின் பழைய வளவு வீடுகளில் (பெரிய குடும்பங்களின் மாளிகை வீடுகள்) இருந்தும் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்து நகர வீடுகளில் இருந்தும் வந்தது. அந்த வீடு பின்னாளில் கழற்றப்பட்டு, அவருடைய பெந்தோட்டை லுணுகங்கைத் தோட்டத்தில் திரும்ப எழுப்பப்பட்டிருக்கிறது, தம்பி வரும்போது கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். பாவாவின் அலுவலகத்தில் தொழில் கூட்டாளியாக இருந்து அவருடைய கட்டடங்களை நிற்கவைத்த பொறியாளர் ஒரு தமிழர், கலாநிதி பூலோகசுந்தரம். இந்தப் பெயரையும் தம்பிக்குச் சொல்லுங்கள்.

ஆனால் உங்களுக்கு லுணுகங்கை வரைக்கும் போக வேண்டிய தேவையே இல்லையே. யாழ்ப்பாணத்தில் நாற்சார் வீடு, அதாவது நடுவில் முற்றமும் சுற்றித் தாழ்வாரமும் உள்ள பழைய வீடு, இருக்கிறது. பாவா தன் பக்கத்துப் பழைய வீடுகளிடம் போய் என்ன கேட்டாரோ, அதை நீங்கள் உங்கள் ஊர் நாற்சாரிடம் கேட்கலாம். கொழும்பில் வருடத்தில் இரண்டு பருவம் மழை கொட்டும், அதனால் அங்கே முற்றம் பச்சைப் பசேல் என்று இருக்கும், படத்தில் தம்பி பார்ப்பதும் அதைத்தான். உங்களிடம் பெரிய மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழிக்குள் முடிந்துவிடும், மற்ற மாதங்கள் வரண்ட காற்றும் கூசும் வெளிச்சமும். அதே முற்றத்தை அதே அளவில் வைத்தால் புல் காயும், வெளிச்சம் கண்ணைக் குத்தும். நாற்சாரின் முற்றம் எவ்வளவு அகலம், தாழ்வாரக் கூரை எவ்வளவு தணிவாக இறங்குகிறது, கூரையில் விழுந்த மழைத்தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது என்று பார்த்தீர்கள் என்றால், அந்த வெளிச்சத்துக்கு முந்தைய தலைமுறை கண்டுபிடித்த பதில் அதில் இருக்கும்.

உங்கள் உறவினர்களில் யாருடைய நாற்சார் வீடாவது இடியாமல் நிற்கிறதா? மேசனாரையும் அழைத்துக்கொண்டு, அளவு நாடாவோடு போங்கள். முற்றத்தின் நீளம், அகலம், ஆழம், தாழ்வாரத்தின் அகலம், ஓட்டு நுனிக்கும் தரைக்கும் உள்ள உயரம், இந்த ஐந்தையும் எழுதி, நண்பகலில் வெயில் முற்றத்தில் எதுவரை விழுகிறது என்று சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் அதன் செக்‌ஷனையும் தம்பிக்குப் பிடித்த பாவா முற்றத்தின் செக்‌ஷனையும் பக்கத்துப் பக்கத்தில் வரைந்து போடுகிறேன்.